ஜரிகையும் தந்தியும்: பேஸ் கிட்டார் ஒலியின் அறிவியல்

பட்டுப் புடவையின் கரையில் மின்னும் ஜரிகை பார்வைக்கு ஒற்றைப் பொன்னிழையாகத் தோன்றினாலும், மரபான முறையில் அது இரண்டு பொருள்களின் சேர்க்கையால் ஆனது. நடுவில் ஒரு பட்டு நூல் ஓட, தட்டையாக நசுக்கப்பட்ட மெல்லிய வெள்ளிக் கம்பி அதன்மேல் நெருக்கமாகச் சுற்றப்பட்டு, அதற்கு மேல் பொன்முலாம் ஏற்றப்படுகிறது. இழுப்பைத் தாங்கும் வேலை உள்ளே இருக்கும் நூலுக்கும், எடையையும் பளபளப்பையும் தொடுவுணர்வையும் தரும் வேலை வெளியே இருக்கும் சுற்றுக்கும் உரியது. ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தைச் சேர்ந்த தேசூரின் தறிகளில் அன்றாடம் கையாளப்படும் இந்த அமைப்பே, திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுக்கள் வாசிக்கும் பேஸ் கிட்டாரின் தந்தியிலும் காணப்படுகிறது: உள்ளே இழுப்பைத் தாங்கும் எஃகுக் கம்பி, வெளியே எடை கூட்டும் உலோகச் சுற்று. உட்பகுதி எவ்வளவு பருமன், சுற்று எந்த வடிவம், உலோகம் எது என்னும் கேள்விகளுக்கு ஜரிகையில் கிடைக்கும் விடை துணியின் தோற்றத்தைத் தீர்மானிப்பது போலவே, தந்தியில் கிடைக்கும் விடை இசையின் நிறத்தையும் வாசிப்பவரின் கைப்பழக்கத்தையும் தீர்மானிக்கிறது.

பேஸ் கிட்டார் என்பது சாதாரணக் கிட்டாரைவிட ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிக்கும், பொதுவாக நான்கு தந்திகள் கொண்ட மின்கருவி. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-இல் அறிமுகப்படுத்திய ‘பிரிசிஷன் பேஸ்’, ஆளுயர டபுள் பேஸ் கருவி செய்துவந்த வேலையைத் தோளில் மாட்டிக்கொள்ளும் அளவுக்குச் சுருக்கித் தந்தது. தாளத்துக்கும் பண்ணுக்கும் இடையே பாலமாக நின்று பாட்டின் அடித்தளத்தைத் தாங்குவது இதன் பணி. 1976-இல் ‘அன்னக்கிளி’ வழியாக அறிமுகமான இளையராஜா, பாடும் குரலுக்குத் துணையாக இன்னொரு தனி மெட்டே ஓடுவது போன்ற பேஸ் வரிகளை எழுதினார். அவருடைய இசைக்குழுவில் சசிதரனும், 1992-இல் ‘ரோஜா’வோடு வந்த ஏ.ஆர். ரகுமானின் ஒலிப்பதிவுகளில் கீத் பீட்டர்ஸும் இந்தக் கருவியின் தமிழ்க் குரலை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர்கள். ஆயினும் கேட்பவர் மட்டுமன்றி வாசிக்கத் தொடங்குபவரும் கருவியின் பெயரையும் ஒலிபெருக்கியின் அளவையும் பற்றிப் பேசும் அளவுக்கு, அதிர்வு பிறக்கும் முதல் இடமான தந்தியைப் பற்றிப் பேசுவதில்லை. மரமும் மின்சுற்றும் ஒலிபெருக்கியும் தந்தி தந்ததைக் கூட்டவோ குறைக்கவோ இயலுமே தவிர, தந்தி தராத ஒன்றைத் தாமாகக் கருவியின் குரலாக்க இயலாது என்பதால், தந்தியின் அறிவியலை அறிவது கருவியை அறிவதற்கு முதற்படி ஆகிறது.

நீளம், இழுவிசை, எடை

இரு முனைகளில் கட்டப்பட்ட ஒரு தந்தி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதன் அதிர்வெண். இதன் அலகு ஹெர்ட்ஸ். பிரெஞ்சு அறிஞர் மரின் மெர்சென் 1636-இல் வெளியிட்ட நூலில் வகுத்த விதிகளின்படி, இந்த அதிர்வெண் மூன்று அளவுகளைச் சார்ந்தது. தந்தியின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிக்கும். இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரட்டிக்கும். ஒரு மீட்டர் தந்தியின் எடை நான்கு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும்.

பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளும் மெல்லியதிலிருந்து பருத்தது வரை முறையே 98, 73.4, 55, 41.2 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்கப்படுகின்றன. நான்குக்கும் நீளம் ஒன்றுதான். வழக்கமான கருவியில் அது 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 864 மில்லிமீட்டர். நான்கு தந்திகளையும் ஒரே பருமனில் வைத்து இழுவிசையை மட்டும் மாற்றிச் சுருதி சேர்க்க முயன்றால், கடைசித் தந்தியின் இழுவிசை முதல் தந்தியின் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அது கொடியில் தொங்கும் கயிறு போலத் துவண்டு, விரல் பட்டதும் பலகையில் இடிக்கும். எனவே இழுவிசையை நான்கு தந்திகளிலும் ஏறத்தாழ ஒத்த நிலையில் வைத்துக்கொண்டு, எடையைக் கூட்டுவதன் மூலமே தாழ்ந்த சுருதி பெறப்படுகிறது.

இந்த எடையை நெசவாளருக்குப் பழகிய அளவால் சொன்னால் அதன் பருமை விளங்கும். 9000 மீட்டர் நீளமுள்ள நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அதுவே அந்த நூலின் டெனியர். கச்சாப் பட்டு இழை பெரும்பாலும் 20 அல்லது 22 டெனியரில் வருகிறது. பேஸ் கிட்டாரின் மிகப் பருத்த தந்தி ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 33 கிராம் எடையுள்ளது என்று கொண்டால், அது மூன்று லட்சம் டெனியரை ஒட்டி வருகிறது. நெசவில் டெனியர் எந்த இடத்தை வகிக்கிறதோ அதே இடத்தைத் தந்தி உலகில் ‘கேஜ்’ என்னும் அளவு வகிக்கிறது; அங்கே எடைக்குப் பதிலாகத் தந்தியின் விட்டம் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கொண்டு சொல்லப்படுகிறது. ‘45–105’ என்று உறையில் அச்சிட்டிருந்தால், மெல்லிய தந்தி 1.14 மில்லிமீட்டரும் பருத்த தந்தி 2.67 மில்லிமீட்டரும் விட்டமுடையவை என்று பொருள்.

சுற்று ஏன் தேவைப்படுகிறது

எடை மட்டுமே தேவை என்றால் ஒரு பருத்த எஃகுக் கம்பியையே பூட்டிவிடலாமே என்னும் கேள்வி எழும். அப்படிப் பூட்ட வேண்டுமானால் 41.2 ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பி தேவைப்படும். அந்தக் கம்பி தன் சொந்த விறைப்பால் வளைய மறுத்து, தந்தியாக அதிர்வதை விட்டுச் சிறு இரும்புக் கோலைப் போல அதிரத் தொடங்கும்.

இதனால் விளையும் கேட்டை உணர, மேற்சுரம் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். மீட்டப்பட்ட தந்தி முழு நீளமாக மட்டும் அதிர்வதில்லை. அதே நேரத்தில் இரண்டு பாதிகளாகவும், மூன்று பகுதிகளாகவும், நான்கு பகுதிகளாகவும் அதிர்கிறது. முழு நீள அதிர்வு அடிப்படைச் சுரத்தையும், பகுதி அதிர்வுகள் அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண்ணுள்ள மேற்சுரங்களையும் தருகின்றன. ஒரே சுருதியில் ஒலிக்கும் வீணையையும் வயலினையும் காது பிரித்தறிவதற்கு, மேற்சுரங்களின் அளவு வேறுபாடு ஒரு முக்கியக் காரணம். விறைப்பு மிகுந்த கம்பியில் மேற்சுரங்கள் சரியான மடங்குகளில் நில்லாமல் மேல் நோக்கி விலகுகின்றன. மேலே சொன்ன 2.3 மில்லிமீட்டர் கம்பிக்குக் கணக்கிட்டால், ஐந்து மடங்கில் நிற்க வேண்டிய மேற்சுரம் தனக்குரிய இடத்தைவிட ஏறத்தாழ நான்கு அரைச்சுரங்கள் உயர்ந்து நிற்கும். அந்த ஒலியில் சுருதி இருக்காது. மணியின் அபசுரமே இருக்கும்.

கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைச் சார்ந்தது என்பதால், விட்டத்தைப் பாதியாக்கினால் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே மெல்லிய உட்கம்பியை வைத்து, அதன்மேல் சுருள் சுருளாக இன்னொரு கம்பியைச் சுற்றினால், சுருள்கள் எடையைக் கூட்டுகின்றனவே தவிர, ஒன்றன்மேல் ஒன்று நெகிழ்ந்து கொடுப்பதால் விறைப்பை மிகுதியாகக் கூட்டுவதில்லை. 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவில் நரம்பின்மேல் உலோகக் கம்பி சுற்றும் முறை வந்தபோதுதான், நீளத்தைப் பெருக்காமல் தாழ்ந்த சுரங்களைத் தெளிவாக எழுப்புவது எளிதாயிற்று. வீணையிலும் இதே தீர்வைக் காணலாம்: சாரணியும் பஞ்சமமும் தனி எஃகுக் கம்பிகளாக இருக்க, தாழ்ந்து ஒலிக்கும் மந்தரமும் அனுமந்தரமும் பித்தளைக் கம்பியாகவோ செம்புச் சுற்று ஏறிய கம்பியாகவோ அமைகின்றன.

இந்த வரலாற்றில் பட்டுக்கும் நேரடியான பங்கு உண்டு. 1940-களில் நைலான் வந்து சேரும் வரை, ஐரோப்பியக் கிட்டாரின் மேல் தந்திகள் விலங்குக் குடலாலும், தாழ் தந்திகள் பட்டு இழைக் கற்றையின்மேல் வெள்ளிமுலாம் பூசிய செம்புக் கம்பியைச் சுற்றியும் செய்யப்பட்டன. அந்தத் தந்தியின் அமைப்பை ஜரிகை நூலுக்குச் சொல்லும் அதே சொற்களால் விவரித்துவிடலாம். இன்றைய பேஸ் தந்திகளின் முனைகளில் சுற்றப்படும் வண்ண நூலும், பெரும்பாலும் செயற்கை இழையாக மாறிவிட்ட பிறகும், வாசிப்பவர்களிடையே ‘சில்க்’ என்றே வழங்குகிறது.

நான்கு குற்றங்கள்

இழையின் தரம் நாதத்தின் தரம் என்னும் அறிவு தமிழுக்குப் புதிதன்று. யாழ் நரம்புக்குக் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நான்கு குற்றங்களைப் பழந்தமிழ் இசை மரபு வகுத்திருந்தது. புரிகள் சீரின்றி முறுக்கேறுவதும், நரம்பில் மயிரிழை கலந்திருப்பதும், நார்த்தும்பு நீட்டி நிற்பதும், முறுக்கு அளவு கடப்பதும் நாதத்தைக் கெடுக்கும் என்று கண்டவர்கள், அவற்றைக் களைந்த நரம்பையே யாழுக்கு ஏற்றனர். ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1947-இல் வெளியான ‘யாழ் நூல்’ வழியாக அந்த மறைந்த கருவியின் இலக்கணத்தைக் கணித நோக்கில் மீட்டெடுத்தார்.

இந்தக் குற்றங்களுக்கு இயற்பியல் தரும் விளக்கம் எளிமையானது. தந்தியின் ஒரு பகுதி மற்றொன்றைவிடப் பருமனாகவோ தளர்வாகவோ இருந்தால், இரு பாதிகளும் ஒரே வேகத்தில் அதிரமாட்டா; மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தோடு பொருந்தாமல் போகும்; விரல் பலகையின் எந்த மெட்டில் அழுத்தினாலும் சுருதி சற்றே பிசகி ஒலிக்கும். இன்றைய பேஸ் தந்தியில் இதற்கு இணையான குற்றம், பூட்டும்போது நேர்வது. பிருடையில் சுற்றும் வேளையில் தந்தியைத் திருகிவிட்டாலோ, சுற்றைச் சரியாகப் பிடித்து நிறுத்தும் முன்பே உருண்டை உட்கம்பியுள்ள தந்தியை நறுக்கிவிட்டாலோ, வெளிச்சுற்று தளர்ந்து தந்தி தன் உயிரை இழக்கிறது. அறுகோண உட்கம்பியின் விளிம்புகள் சுற்றைக் கவ்விப் பிடிப்பதால் அத்தகைய தந்திகளில் இந்த ஆபத்து குறைவு. உருண்டை உட்கம்பியோ விரலுக்கு இணக்கமாக வளைந்து கொடுக்கும், ஆனால் பூட்டுவதில் கூடுதல் கவனம் கேட்கும்.

காது கட்டி எழுப்பும் சுரம்

மேற்சுரங்கள் பேஸ் கிட்டாருக்கு அழகு மட்டும் சேர்ப்பவை அல்ல. சில இடங்களில் கருவி கேட்பதற்கே அவை காரணம். வானொலிப் பெட்டியின் சிறு ஒலிபெருக்கியோ கைபேசியின் ஒலிபெருக்கியோ 41 ஹெர்ட்ஸ் அதிர்வை ஏறக்குறைய எழுப்புவதே இல்லை. ஆயினும் 82, 124, 165 ஹெர்ட்ஸ் என்று அடுக்கி வரும் மேற்சுரங்களில் காதுக்கு எட்டுபவற்றைக் கொண்டு, அவற்றுக்குப் பொதுவான அடிப்படை 41 தான் என்று செவியும் மூளையும் சேர்ந்து முடிவு செய்து, இல்லாத சுரத்தை உணரச் செய்கின்றன. ‘விடுபட்ட அடிப்படைச் சுரம்’ என்று ஒலியியல் கூறும் இந்த நிகழ்வால்தான், தேநீர்க் கடையின் பழைய வானொலியிலும் பேஸ் வரியைக் கேட்டு முணுமுணுக்க முடிகிறது. மேற்சுரம் செழித்த தந்தி சிறு கருவிகளிலும் தெளிவாகத் தொடரப்படும். மேற்சுரம் அடங்கிய தந்தி பெரிய ஒலிபெருக்கி உள்ள மேடையில் நிலத்தை நிரப்பினாலும் சிறு பெட்டியில் ஒதுங்கிவிடக்கூடும்.

எந்த மேற்சுரம் எழும் என்பதில் மீட்டும் இடத்துக்கும் பங்குண்டு. தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசையாமல் நிற்க வேண்டிய மேற்சுரங்கள் எழுவதில்லை என்று தாமஸ் யங் கண்டறிந்தார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1921-இல் இந்தியத் தந்திக் கருவிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், தம்புராவிலும் வீணையிலும் இந்த விதி அப்படியே செல்லுபடியாவதில்லை என்றும், தந்தியைத் தாங்கும் வளைந்த குதிரையின்மேல் அது உரசி எழும் முறையே அதற்குக் காரணம் என்றும் காட்டினார். தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் செருகப்படும் ‘ஜீவா’ என்னும் சிறு பஞ்சு நூலோ பட்டு நூலோ, தந்தி குதிரையைத் தொடும் விதத்தை மாற்றி, மேற்சுரங்கள் பூத்தெழச் செய்கிறது. பேஸ் கிட்டாரின் குதிரை கூர்மையானது. அங்கே ஜீவாவுக்கு இடமில்லை. ஆகவே மேற்சுரங்களைக் கூட்டவும் குறைக்கவும் வாசிப்பவர் கையில் எஞ்சுவது, மீட்டும் இடமும் தந்தியின் சுற்றுமே. குதிரைக்கு அருகில் மீட்டினால் ஒலி கூர்மையும், கழுத்துக்கு அருகில் மீட்டினால் ஒலி திரட்சியும் பெறுகிறது.

உருண்டைச் சுற்றும் தட்டைச் சுற்றும்

பேஸ் தந்திகளை இனம் பிரிக்கும் முதன்மையான வேறுபாடு சுற்றுக்கம்பியின் வடிவம். உருண்டைக் கம்பியால் சுற்றப்பட்டது உருண்டைச் சுற்று. ஜரிகையைப் போல நாடா வடிவக் கம்பியால் சுற்றப்பட்டது தட்டைச் சுற்று. உருண்டைச் சுற்று ஏறிய தந்தியை விரலால் தடவினால் திருகாணியின் புரிகளைப் போல நெருடும். தட்டைச் சுற்று கண்ணாடி போல வழுக்கும். உருண்டைச் சுற்றில் சுருள்கள் ஒன்றையொன்று ஒரு கோட்டில் மட்டுமே தொடுவதால் தந்தி தாராளமாக வளைகிறது. அதிர்வின் ஆற்றல் உராய்வில் வீணாவது குறைந்து, உயர் மேற்சுரங்கள் நீண்ட நேரம் நிலைக்கின்றன. தட்டைச் சுற்றில் நாடாவின் விளிம்புகள் நெருங்கி உரசுவதால் உயர் மேற்சுரங்கள் விரைவில் அடங்கி, மீட்டிய கணத்தின் திரண்ட முதல் ஒலியும் அடிப்படைச் சுரமும் முன்னால் நிற்கின்றன.

இந்த வேறுபாடு இசை வரலாற்றிலேயே பதிந்திருக்கிறது. டெட்ராயிட் நகரின் மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தம் பிரிசிஷன் பேஸில் ‘லா பெல்லா’ நிறுவனத்தின் பருத்த தட்டைச் சுற்றுத் தந்திகளைப் பூட்டி, அறுந்தால் அன்றி மாற்றாமல், வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றால் மட்டுமே மீட்டினார். பாடகரின் குரலுக்கு இடம் விட்டு, மேளத்தின் அடியோடு ஒட்டி நகரும் அந்த ஒலி 1960-களின் அடையாளமாயிற்று. அதே காலத்தில் இங்கிலாந்தின் ‘தி ஹூ’ குழுவைச் சேர்ந்த ஜான் என்ட்விசில், பேஸும் முன்னணிக் கருவியைப் போலப் பியானோவின் கணீரென்ற ஒலியோடு பேச வேண்டும் என்று விரும்பி, ‘ரோட்டோசவுண்ட்’ நிறுவனத்தோடு இணைந்து 1966-இல் உருண்டைச் சுற்றுத் தந்திகளை உருவாக்கச் செய்தார். கட்டைவிரலால் தந்தியை அடித்தும் மற்ற விரல்களால் சுண்டியும் வாசிக்கும் ‘ஸ்லாப்’ முறையை லாரி கிரஹாம் பரப்பிய பிறகு, உலோகம் உலோகத்தில் மோதும் அந்தக் கூர்மைக்கு உருண்டைச் சுற்றே துணை நின்றது.

மெட்டுகள் அகற்றப்பட்ட பேஸில் இந்தத் தேர்வு இன்னும் நுட்பமாகிறது. உருண்டைச் சுற்றின் புரிகள் அரம் போல மரப்பலகையை அராவிவிடும் என்பதால், அந்த ஒலியையும் விட மனமில்லாத ஜாக்கோ பாஸ்டோரியஸ், பலகையின்மேல் எப்பாக்ஸிப் பூச்சு கொடுத்துக்கொண்டார். கமகத்தை இழைத்து வாசிக்க விரும்பும் கலைஞருக்கும் இதே கேள்வி எழுகிறது: விரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு நழுவும்போது உருண்டைச் சுற்றில் ‘கீச்’ என்னும் உரசல் ஒலி பின்தொடரும்; தட்டைச் சுற்றில் நழுவல் சத்தமின்றி நிகழும், ஆனால் நாதத்தின் நீட்சி குறையும். இரண்டுக்கும் நடுவே, உருண்டைச் சுற்றின் மேற்பரப்பைத் தேய்த்துப் பாதி சமமாக்கிய தந்திகளும், உலோகத்தின்மேல் நைலான் நாடா சுற்றி டபுள் பேஸின் மென்மையை நோக்கிச் செல்லும் தந்திகளும் கிடைக்கின்றன.

ஆயினும் தந்தி மட்டுமே பாணியை எழுதிவிடுவதில்லை. ‘அயர்ன் மெய்டன்’ குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் தட்டைச் சுற்றுத் தந்தியைக் கொண்டே, விரல்களின் வேகத்தாலும் தந்தி மெட்டில் மோதும் விசையாலும், அதிரடியான உலோக ஒலியை எழுப்புகிறார். தந்தி ஒரு எல்லையை வகுக்கிறது; அந்த எல்லைக்குள் எங்கே நிற்பது என்பதை விரல் தீர்மானிக்கிறது.

உலோகமும் காந்தமும்

மின் பேஸில் தந்தியின் ஒலி காற்று வழியாகப் பெருக்கிக்குச் செல்வதில்லை. தந்திக்கு அடியில் இருக்கும் ‘பிக்கப்’ என்னும் பகுதியில் காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செம்புக் கம்பியும் உள்ளன. காந்தப் புலத்துக்குள் எஃகுத் தந்தி அசையும்போது அந்தப் புலம் மாறி, ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதியின்படி செம்புச் சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. ஆகவே காந்தத்துக்கு இணங்காத பொருள் இங்கே மௌனமாகிவிடும். குடல் நரம்பும் வெறும் நைலானும் காந்தப் பிக்கப்பில் ஒலிக்கமாட்டா. வெண்கலச் சுற்றுள்ள தந்தியில் உட்கம்பி மட்டுமே பேசும்.

இதனால் சுற்றுக்கம்பியின் உலோகம் ஒலியை இருவழிகளில் பாதிக்கிறது: எடையாலும் உராய்வாலும் அதிர்வை மாற்றுவது ஒன்று, காந்தத்துக்குக் கொடுக்கும் விடையால் மின்குறிப்பை மாற்றுவது மற்றொன்று. துருப்பிடிக்கா எஃகுச் சுற்று கூர்மையும் கடினமும் மிக்கது. மெட்டுகளையும் விரைவில் தேய்க்கும். நிக்கல் முலாம் பூசிய எஃகு அதைவிடச் சற்று மென்மையாகவும் சமநிலையாகவும் ஒலிப்பதால் மிகுதியாகப் புழங்குகிறது. தூய நிக்கல் இன்னும் கனிந்த, பழைய பதிவுகளை நினைவூட்டும் ஒலியைத் தருகிறது.

பருமனும் விரலும்

ஒரே வகைத் தந்தியிலும் பருமன் மாறினால் வாசிப்பு மாறும். ஒரே சுருதியில் இழுவிசை தந்தியின் எடையைப் பொறுத்தும், எடை ஏறத்தாழ விட்டத்தின் இருமடியைப் பொறுத்தும் அமைவதால், 100 அளவிலிருந்து 105-க்குச் செல்லும் ஐந்து விழுக்காட்டுப் பருமன் உயர்வு, இழுவிசையைப் பத்து விழுக்காடு உயர்த்துகிறது. இலேசான தந்தியை அழுத்தவும் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை வளைக்கவும் குறைந்த விசை போதும். வேகமும் நுட்பமும் எளிதாகும். ஆனால் அது அகலமாக ஊசலாடுவதால், பலமாக மீட்டினால் மெட்டுகளில் பட்டுக் கரகரக்கும். மீட்டிய கணத்தில் இழுவிசை உயர்ந்து சுருதி ஒரு நொடி மேலெழுந்து இறங்கும். பருத்த தந்தி பலமான மீட்டைத் தாங்கி, சுருதி அசையாமல், திரண்ட ஒலியைத் தரும். விரலிடம் உழைப்பையும் கேட்கும்.

நான்கு தந்திகளும் சேர்ந்து கருவியின் கழுத்தை இழுக்கும் விசை, தந்தியின் பருமனைப் பொறுத்து, ஏறத்தாழ 70 முதல் 85 கிலோ எடைக்குச் சமம். பாவின் இழுப்பு மாறினால் தறியின் மற்ற உறுப்புகளையும் சரிசெய்ய வேண்டியிருப்பது போலவே, தந்தியின் பருமன் மாறினால் கழுத்தினுள் இருக்கும் இரும்புத் தண்டை இறுக்கியோ தளர்த்தியோ கழுத்தின் வளைவைத் திருத்த வேண்டும். குதிரையில் ஒவ்வொரு தந்தியின் நீளத்தையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். தலைப்பகுதியின் பள்ளங்கள் புதிய பருமனுக்குப் போதுமா என்றும் காண வேண்டும். இந்த வேலைகளைச் செய்யாமல் தந்தியைக் குறை கூறுவது பொருந்தாது. 30 அங்குல நீளமுள்ள சிறு பேஸில் அதே தந்தி அதே சுருதிக்கு இன்னும் தளர்வாக நிற்பதால், அதற்குத் தேவையான பருமனும் வேறாகிறது.

வியர்வையும் வயதும்

உருண்டைச் சுற்றின் பள்ளங்களில் தோல் துகளும் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் புகுந்து படியும்போது, சுருள்களின் நெகிழ்ச்சி குறைந்து உயர் மேற்சுரங்கள் முதலில் மடிகின்றன. அழுக்கு ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் படிவதால் தந்தியின் எடை சீர் கெட்டு, யாழ் நரம்பின் குற்றங்களைப் போன்றே சுருதிப் பிசகும் நேர்கிறது. தமிழ்நாட்டின் வெக்கையிலும், கடலோர நகரங்களின் உப்புக் காற்றிலும், சித்திரை மாதத் திறந்தவெளி மேடைகளிலும் இது விரைந்து நிகழும். ஒவ்வொரு வாசிப்புக்குப் பிறகும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்தியை மேலும் கீழும் துடைப்பது, செலவில்லாமல் தந்தியின் ஆயுளைக் கூட்டும் வழி. பழைய தந்தியைக் கொதிநீரில் இட்டு எடுப்பதும் உண்டு. அழுக்கு கரைந்து ஒலி மீண்டாலும் அந்தப் புதுமை சில நாள்களே நிலைக்கும். மெல்லிய பாலிமர்ப் படலம் பூசிய தந்திகள் அழுக்கைப் புறத்தே நிறுத்துகின்றன. தட்டைச் சுற்றில் அழுக்கு புக இடம் குறைவு என்பதால், அது பல ஆண்டுகள் உழைப்பதோடு, பழகப் பழகக் கனிவதாகவும் பலர் கருதுகின்றனர்.

தேர்வின் முறை

இவற்றைத் தொகுத்து நோக்கினால், நல்ல தந்தி எது என்னும் கேள்விக்குப் பொதுவான விடை இல்லை என்பதும், பொருத்தமான தந்தி எது என்னும் கேள்விக்குத் தெளிவான விடை உண்டு என்பதும் விளங்கும். பழைய திரைப்பாடல்களின் மென்மையை மேடையில் கொண்டுவர விரும்புபவருக்குத் தட்டைச் சுற்றோ தூய நிக்கலோ வழிகாட்டும். வேகமான தனியிசைக்கும் ஸ்லாப் முறைக்கும் இலேசான உருண்டைச் சுற்று உதவும். ஒரே இரவில் எல்லாக் காலத்துப் பாடல்களையும் வாசிக்க வேண்டிய மெல்லிசைக் குழுக் கலைஞருக்கு, நடுத்தரப் பருமனுள்ள நிக்கல் முலாம் உருண்டைச் சுற்று பெரும்பாலும் போதும். குதிரைக்கு அருகில் சிறு பஞ்சுத் துண்டைத் தந்திக்கு அடியில் செருகியும், கழுத்துப் பக்கம் மீட்டியும் அவர் தட்டைச் சுற்றின் அடக்கத்தை ஓரளவு பெறலாம். கற்கத் தொடங்கும் மாணவர் பிறர் புகழும் தந்தியை வாங்குவதற்கு முன், தம் கருவியில் இப்போது இருக்கும் தந்தியின் பருமன், சுற்று, உலோகம் ஆகிய மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அவற்றுள் ஒன்றை மட்டும் மாற்றிக் கேட்க வேண்டும். மூன்றையும் ஒருசேர மாற்றினால், ஒலி எதனால் மாறியது என்பது அவருக்கு ஒருபோதும் தெரியவராது.

தேசூர் நெசவாளர் நூலைக் கையில் எடுத்ததும் அதன் டெனியரையும் முறுக்கையும் அறிந்த பிறகே அதைத் தறியில் ஏற்றுகிறார். ஏனெனில் தறியில் ஏறிய பின் நூலின் குற்றத்தைத் திருத்த வழியில்லை. பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டும் இளைஞரும் தம் தந்தியிடம் அதே கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும்.